இந்தியில் வந்த மாப்பிள்ளைகள்

மாப்பிள்ளையின் படம் திரையில் நெற்றி வரைக்கும் வந்துவிட்டது. நல்ல அகலமான நெற்றி, நடுவில் சின்னதாகத் திருநீறு. அசோக்குமார் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு புருவத்துக்காகக் காத்திருந்தார். புருவம் வரவில்லை. திரை முழுக்கச் சிவப்பாகி, 'இந்த இணையதளம் அலுவலக விதிகளின்படி தடுக்கப்பட்டுள்ளது' என்ற வாசகம் வந்து நின்றது.

"நேத்து வரைக்கும் தெறந்துச்சே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

பக்கத்து சீட் சிலம்பரசன் எட்டிப் பார்த்தான். "இன்னா சார், கரண்ட் போச்சா?"

"இந்த ஊர்ல கரண்ட் எங்கப்பா போகும்? மாப்பிள்ளைதான் போயிட்டான்."

அசோக்குமார் சுரங்க அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் பிரிவின் சீனியர் அசிஸ்டென்ட். விருதுநகர்ப் பக்கமிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு நெய்வேலிக்கு வந்தவர். வருகிற கோடையில் ரிட்டயர்மென்ட். அதற்குள் மகள் ஹரிணியின் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும், அதுவும் குவார்ட்டர்ஸில் இருக்கும்போதே முடிக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. வாசலில் பந்தல், இரண்டு பக்கமும் வாழைமரம், பிளாக் முழுவதற்கும் பத்திரிகை. ஹரிணி சைக்கிள் பழகி விழுந்த தெரு அது. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அப்புறம் எந்த ஊரில் எந்த வாசலோ, அங்கே பந்தல் போட்டால் யார் வருவார்களோ.

அதற்காகத்தான் கல்யாண இணையதளத்தில், மனைவியின் போன் நம்பரைக் கொடுத்து, பெண்ணின் விவரத்தைப் பதிவு செய்தார். செல்போனில் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தார். எல்லா மாப்பிள்ளைகளும் புளியங்கொட்டை அளவுக்குத்தான் தெரிந்தார்கள். ஹரிணியின் லேப்டாப்பைக் கேட்டார். அவள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். "இது கம்பெனி லேப்டாப்புப்பா. இதுல மாப்பிள்ளையெல்லாம் தேடினா என் வேலை போயிடும்" என்றாள். பெண்ணின் வேலை போனால் மாப்பிள்ளை எங்கே கிடைப்பான்? ஆகவே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தயிர்சாதத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, அலுவலகக் கம்ப்யூட்டரில் மாப்பிள்ளை பார்த்து வந்தார். அதற்குத்தான் இப்போது பூட்டு.

"இதுக்கா சார் கலங்குறீங்க?" என்றான் சிலம்பரசன். "முன்பக்கம் பூட்டிக் கெடந்தா கொல்லப்பக்கமா போறதில்லயா? எந்த சைட்டோட அட்ரஸப் போட்டாலும் பீடிஎஃப்பா மாத்திக் குடுக்குற சைட்டு ஒண்ணு இருக்குது. நம்ம கம்ப்யூட்டரு அங்க மட்டும்தான் போவும். அது போயி மாப்ள வூட்டப் பாத்துகினு வந்து நமக்குச் சொல்லும். நம்ம மேல தப்பே இல்ல."

சொன்னபடி வந்தது. நெற்றி, புருவம், மீசை எல்லாம் முழுசாக வந்தன. ஆனால் ஸ்டோர்ஸ்காரருக்குக் காகிதத்தில் வந்தால்தான் சரக்கு வந்த மாதிரி. கை தானாகப் போய் பிரிண்ட் பொத்தானை அழுத்திவிட்டது. தங்கள் பிரிவின் பிரிண்டர் ரிப்பேருக்குப் போயிருப்பதும், எல்லாமே இப்போது டெண்டர் பிரிவில்தான் அச்சாகின்றன என்பதும் அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

வேட்டி தடுக்கியவரைப் போல ஓடினார். டெண்டர் பிரிவு அதிகாரி காகிதங்களைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அசோக்குமார் சார், எல்லாப் பார்ட்டியும் போட்டோ ஒட்டி அனுப்பியிருக்காங்களே. இதுல எந்தப் பார்ட்டிய முடிக்கிறதா இருக்கீங்க?"

"இன்னும் முடிவாகலை சார்" என்று பிடுங்கிக்கொண்டு வந்தார். அது பொய்யும் இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் இதை ஒரு வீரக்கதை போலச் சொன்னார். மனைவி பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ஹரிணிகூடச் சிரித்தாள்.

"எந்த சைட்டுப்பா அது, பீடிஎஃப்பா மாத்துறது?" என்று ஆர்வமாகக் கேட்டாள். அப்பாவின் திறமையில் பெண்ணுக்கு இவ்வளவு அக்கறையா என்று பூரித்து, எழுத்துக் கூட்டிப் பெயரைச் சொன்னார்.

மறுநாள் அந்த சைட்டும் சிவப்பு.

போதாததற்கு, சிஸ்டம்ஸ் பிரிவின் இன்ஜினியர் வெங்கடேஷ் நேரிலேயே வந்தான். பக்கத்திலிருக்கும் வடக்குத்து கிராமத்துக்காரன், சுரங்கத்தில் வேலை பார்த்தவரின் மகன், எப்போதும் இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. நாற்காலியைக் காட்டினாலும் உட்காராமல் நின்றான்.

"சார், அந்த பீடிஎஃப் சைட்டுல வைரஸ் வருதுங்க சார். அதான் மூட வேண்டியதாப் போச்சு. மன்னிச்சுக்குங்க."

"வைரஸ் வந்தா எனக்கு வரட்டும்பா. உனக்கென்ன?"

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார்" என்று பதறினான். போகிற போக்கில் அவருடைய மவுஸைத் துடைத்து வைத்துவிட்டு, "வீட்ல எல்லாரும் சௌக்கியங்களா?" என்றும் கேட்டான். தடுத்துவிட்டு விசாரிப்பு வேறு என்று அசோக்குமாருக்கு எரிச்சலாக வந்தது.

சிலம்பரசன் அடுத்த கொல்லைப்பக்கத்தைக் கண்டுபிடித்தான். ஒரு வெப்சைட் செல்போனில் எப்படித் தெரியும் என்று காட்டுவதற்காகவே ஒரு வெப்சைட். மாப்பிள்ளைகள் மறுபடியும் புளியங்கொட்டை ஆனார்கள், ஆனாலும் பெரிதாக்கிப் பார்க்க முடிந்தது. மதுரையில் ஒரு பேங்க் ஆபீசர் கிட்டத்தட்ட முடிவாகிற நிலைக்கு வந்தான். அன்று இரவும் வீட்டில் சொன்னார். ஹரிணி இன்னொரு தோசையைத் தட்டில் போட்டபடி கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் அதுவும் சிவப்பு.

"இந்த வெங்கடேஷுக்கெல்லாம் எவன் பொண்ணு குடுப்பான்?" என்று பல்லைக் கடித்தார் அசோக்குமார்.

"அவன் இன்னா சார் பண்ணுவான், மேல சொல்றத கேட்டுகினு இருக்கான்" என்றான் சிலம்பரசன்.

அந்தப் பரிவுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. இரண்டு வழியும் ஆபீஸில் யாருக்குத் தெரியும்? சிலம்பரசனுக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறான் பயல் என்று முடிவுகட்டினார். இனி எந்த வழி கிடைத்தாலும் இவனிடம் மூச்சுவிடுவதில்லை என்று தீர்மானித்தார்.

வழி ஒரு சர்க்குலரில் வந்தது. அலுவலகத்தில் இந்தி இருவார விழா நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தி அதிகாரி ராஜாம்பாள் வருடா வருடம் அனுப்பும் சர்க்குலரை எல்லோரும் தலைப்பைப் பார்த்ததும் மடித்து, டீ கிளாஸுக்கு அடியில் வைப்பார்கள். அன்று டீ வரத் தாமதமானதால் அசோக்குமார் அதைக் கடைசி வரி வரை படித்துவிட்டார். 'எந்த இணையதளத்தின் முகவரியையும் மொழிபெயர்ப்புக் கருவியில் இட்டு, அதனுள்ளேயே இந்தியில் வாசிக்கலாம். இக்கருவியை எக்காரணம் கொண்டும் சிஸ்டம்ஸ் பிரிவு தடுக்காது' என்று கடைசி வரி சொன்னது.

அசோக்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தி எதற்கு, தமிழ் இருக்கிறதே? முகவரியைப் போட்டுத் தமிழைத் தேர்ந்தெடுத்தார். மாப்பிள்ளைகள் கொட்டை எழுத்துத் தமிழில் வந்தார்கள். மதுரை பேங்க் ஆபீசரைத் திறந்த நேரம், பின்னாலிருந்து சிலம்பரசனின் குரல் கேட்டது.

"உணவு அசைவம். குடிப்பழக்கம், சமூக ரீதியாக... யாரு சார் இது, சமூகத்துக்காகக் குடிச்சிகினு இருக்கறவரு?"

பிரிவே திரும்பிப் பார்த்தது. அசோக்குமார் பதறி, கையில் பட்டதை அழுத்தினார். பட்டது இந்தி. ஒரு நொடியில் திரை முழுக்கக் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி எழுத்துகள் தொங்கின. எட்டிப் பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பிரிவில் இந்தி தெரிந்தவர் ஒருவரும் கிடையாது.

அசோக்குமாருக்கும் தெரியாது. ஆனால் அது ஒரு குறையாகவே படவில்லை. போட்டோ எந்த மொழியிலும் போட்டோதான். வயது, உயரம், சம்பளம் எல்லாம் எண்களில் இருந்தன. இதைவிடப் பத்திரமான மறைப்பு கிடையாது என்று சந்தோஷப்பட்டார்.

வீட்டில் மட்டும் இதைச் சொல்ல முடியவில்லை. கூடத்துச் சுவரில் அவருடைய அப்பா வெள்ளைச்சாமி மாலையோடு படமாகத் தொங்கினார். இளவட்டமாக இருந்தபோது ரயில்வே ஸ்டேஷன் பலகையில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசி, அதற்காக அடிபட்டவர். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, 'மாப்பிள்ளையை இந்தியில் பார்க்கிறேன்' என்று எந்த வாயால் சொல்வது?

"இப்ப எப்படிப்பா பாக்கறீங்க?" என்று ஹரிணி கேட்டபோது, "எங்க பாக்குறது? எல்லாத்தையும்தான் மூடிட்டானே" என்று சாம்பாரைப் பிசைந்தார். ஹரிணி பெருமூச்சு விட்டாள். பாவம், பிள்ளைக்கு ஏமாற்றம் என்று நினைத்துக்கொண்டார்.

இந்த முறை மறுநாளும் சிவப்பு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சிலம்பரசன் எட்டிப் பார்த்தாலும், எந்த வழி என்று அவனிடம் சொல்லாமல் விட்டதன் பலன் என்று தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் கீழே பச்சையில் ஒரு பொத்தான், சிவப்பில் ஒரு பொத்தான். இந்தியில் என்னமோ எழுதியிருந்தது. சுரங்கத்தில் இத்தனை காலம் இருந்தவருக்கு அதைப் படிக்கவா வேண்டும்? சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் போ. பிடிக்காத மாப்பிள்ளையைத் தாண்டி அடுத்தவனிடம் போவதற்காகப் பச்சையை அழுத்தினார். அடுத்தவனும் வந்தான். பிடிக்காத ஒவ்வொருவனுக்கும் ஒரு பச்சை. அந்தப் பொத்தானுக்கு 'விருப்பம் அனுப்பு' என்று அர்த்தம். இப்போதைக்கு உங்களுக்குத் தெரிந்தால் போதும், அவருக்குத் தெரியாது.

அந்த வார இறுதிக்குள் பேச்சியம்மாளின் போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது.

"என்னங்க, மானாமதுரையிலேருந்து பேசுறாக. சாத்தூர்லேருந்து பேசுறாக. எல்லாரும் நாமதான் விருப்பம் சொல்லி அனுப்பினோம்கிறாக!"

"நான் ஒருத்தனுக்கும் அனுப்பலையே!"

"அனுப்பாமத்தான் சிவகாசிக்காரக வர்ற ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வாராகளாக்கும்? நான் வரச் சொல்லிட்டேன். கேசரிக்கு முந்திரி வேணும், பண்ருட்டிக்கு யார் போனாலும் சொல்லிவிடுங்க."

ஹரிணி சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். "எல்லாம் மூடியாச்சுன்னு சொன்னீங்களேப்பா. எப்படிப்பா பாத்தீங்க? எதுல பாத்தீங்க?"

அசோக்குமார் சுவரிலிருந்த அப்பாவைப் பார்த்தார். பெண்ணின் கண் கலங்கியிருப்பதைக் கண்டார். கல்யாணம் என்றதும் பிறந்த வீட்டை நினைத்துப் பெண்கள் கலங்குவார்கள், தன் அக்காவும் அப்படித்தான் அழுதாள் என்று சமாதானம் செய்துகொண்டார். ஆனாலும் அன்று தூக்கம் வரவில்லை.

இதற்கிடையில் ஆபீஸில் வேறொரு வேலை நடந்திருந்தது. யார் யார் இந்தியில் எவ்வளவு வேலை பார்க்கிறார்கள் என்று மேலிடத்துக்குக் கணக்குப் போக வேண்டும். அதை எடுத்துக் கொடுக்கும் வேலை சிஸ்டம்ஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்த மலர்விழிக்கு. கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும் பெண். அவள் எடுத்த கணக்கில் ஆபீஸே பூஜ்யமாக இருக்க, ஸ்டோர்ஸ் அசோக்குமார் மட்டும் மலை போல நின்றார்.

ராஜாம்பாள் அவருடைய சீட்டுக்கே வந்துவிட்டார். நல்லவேளை, திரை அணைந்திருந்தது.

"அசோக்குமார் சார், நீங்க தினமும் சாப்பாட்டு நேரத்துல இந்தி படிக்கிறீங்களாமே?"

"அது வந்து மேடம்... சும்மா..."

"இத்தனை வருஷ சர்வீஸ்ல என் போட்டிக்கு வர்றவங்க எல்லாம் பரிசா குடுக்கற ஹாட்பாக்ஸுக்காக வர்றவங்க சார். தானா ஒரு மனுஷர், அதுவும் ரிட்டயர் ஆகப் போற வயசுல..." ராஜாம்பாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இல்லை என்று சொல்ல அசோக்குமாருக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாள் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை அவர் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறார். 'ஆமாம்' என்று தலையாட்டிவிட்டார். அந்தத் தலையாட்டலுக்கு வெள்ளிக்கிழமை விழாவில் முதல் பரிசும், பொன்னாடையும், பொது மேலாளர் முன்னிலையில் ஐந்து நிமிட இந்தி உரையும் என்று பதில் வந்தது.

"உரைக்கு என்ன மேடம் செய்றது? மேடைன்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்."

"நானே தமிழ் எழுத்துல எழுதித் தர்றேன் சார். நீங்க பாத்துப் படிச்சாப் போதும்."

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. கேசரியும் வடையும் உண்டு என்று சர்க்குலரில் இருந்தது, இந்த முறை எல்லோரும் அதைப் படித்திருந்தார்கள். பெரிய திரைக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு வெங்கடேஷ். அவனுக்கு உதவியாக மலர்விழி. பொது மேலாளர் வடக்கத்திக்காரர், ஆனால் நெய்வேலி வெயிலில் வெந்து நன்றாகவே தமிழ் பழகியவர்.

பொன்னாடையோடு மைக் முன்னால் போய் நின்றார் அசோக்குமார். "ஆதரணீய மஹோதய்..." என்று தொடங்கினார். இரண்டாவது வரி ஓடவில்லை. வியர்வையில் காகிதமே நனைந்துவிட்டது. ராஜாம்பாள் உதவிக்கு வந்தார்.

"அவருக்குப் பேச்சைவிட வாசிப்புதான் சார். தினமும் எப்படி வாசிக்கிறார்னு திரையிலேயே காட்டலாமே. வெங்கடேஷ், சாரோட கம்ப்யூட்டர்ல அவர் கடைசியா இந்தியில் படிச்ச பக்கத்தைப் போடுங்க."

"வேண்டாம் மேடம்!" என்று அசோக்குமார் கத்துவதற்குள் பக்கம் வந்துவிட்டது.

அகலமான நெற்றி. நடுவில் திருநீறு. இந்த முறை புருவமும் வந்தது, மீசையும் வந்தது, மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பும் வந்தது. சுவர் அகலத்துக்கு மாப்பிள்ளை நின்றான். லேப்டாப் முன்னால் வெங்கடேஷின் முகம்தான் வெளுத்துப்போனது.

பொது மேலாளர் கண்ணைச் சுருக்கிப் படித்தார். "வயது இருபத்தொன்பது. சொந்தமா அச்சகம், சிவகாசி. அசோக்குமார்ஜி, இது கல்யாண விளம்பரம்! கீழே, 'நீங்கள் இவருக்கு விருப்பம் அனுப்பிவிட்டீர்கள்'னு போட்டிருக்கு."

"நான் பச்சைதானே சார் அழுத்தினேன்!"

"பச்சைக்கு அதுதான் அர்த்தம்."

அரங்கம் அதிர்ந்து சிரித்தது. அசோக்குமாருக்கு மட்டும் கண்ணில் நீர் முட்டியது. பொன்னாடையை எடுத்து மடித்து ராஜாம்பாளிடம் நீட்டினார்.

"மன்னிச்சுடுங்க மேடம். எனக்கு இந்தியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ரிட்டயர் ஆகறதுக்குள்ள, இந்தக் குவார்ட்டர்ஸ் வாசல்லயே எம் பொண்ணுக்குப் பந்தல் போடணும்னு ஆசை. அந்த சைட்டை இங்க தடுத்துட்டாங்க. வேற வழி தெரியாமதான் உங்க வழியில நுழைஞ்சேன். உங்களை ஏமாத்தணும்னு நெனைக்கல."

சிரிப்பு அடங்கிவிட்டது. ராஜாம்பாள் பொன்னாடையை வாங்கி, மறுபடியும் அவர் தோளிலேயே போட்டார்.

"போட்டுக்குங்க சார். என் சர்க்குலரைக் கடைசி வரி வரைக்கும் படிச்ச ஒரே ஆள் நீங்கதான்."

பின்வரிசையில் சிலம்பரசன்தான் முதலில் கைதட்டினான். இவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அசோக்குமாருக்குக் கூச்சமாக இருந்தது.

பொது மேலாளர் சிஸ்டம்ஸ் பக்கம் திரும்பினார். "இதில் என்ன தப்பு இருக்கு? நம்ம ஆபீஸ்ல கல்யாணம் ஆகாத பிள்ளைங்க எத்தனை பேர், பெண்ணைப் பெத்தவங்க எத்தனை பேர்! கல்யாண சைட்டை எதுக்கு எல்லாருக்கும் தடுத்து வெச்சிருக்கீங்க?"

வெங்கடேஷ் எழுந்து நின்றான். "அது வந்துங்க சார்..." என்று இழுத்தான். இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த மலர்விழி, இவ்வளவு சுலபமான கேள்விக்கு சார் ஏன் திணறுகிறார் என்று புரியாமல் தானே எழுந்தாள்.

"எல்லாருக்கும் இல்லீங்க சார், அது இவரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். 'நம்ம விஷயத்த நான் எங்கப்பாகிட்ட பேசற வரைக்கும் எந்த வழியில போனாலும் மூடி வைங்க'ன்னு ஹரிணி அக்கா சொன்னாங்கன்னு வெங்கடேஷ் சார்தான் மூடிகினு வந்தாரு."